வெள்ளிக்கிழமை வீணை

கீரிமலைக்கு வந்தோர் யாவரும் கண்டு வியப்பதொன்று உண்டு. ஒருபுறம் உவர்க்கடல் அலையெறிந்துகொண்டிருக்க, ஒரு மதிலுக்கு இப்பால் நன்னீர்க் கேணி தெளிந்து நிற்கும். எங்கோ பெய்த மழை சுண்ணாம்புப் பாறையினூடே ஊறி வந்து இக்கரையில் ஊற்றாகச் சுரக்கிறது. இந்நீரிலே தீர்த்தமாடியே மாருதப்புரவீகவல்லி என்னும் அரசகுமாரி தன் குதிரைமுகம் நீங்கப்பெற்றாள் என்றும், அந்நன்றியால் மாவிட்டபுரத்துக் கந்தனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்றும் எங்கள் ஊர் ஐதிகம் கூறும். சிறுமியாய் இருந்தபோது இக்கதையைக் கேட்ட எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அவள் தன் முகம் அத்தகையது என்பதை முதன்முதல் எப்போது அறிந்தாள்? ஏதோவொரு நீர்நிலையிலோ கண்ணாடியிலோ அதனைக் கண்ட நாள் அவளுக்கு எத்தகைய நாளாய் இருந்திருக்கும்?

அத்தகைய நாள் ஒன்று சென்ற ஆண்டில் எனக்கும் வாய்த்தது. என் முகத்தையன்று, என் வீணையை நான் முதன்முதல் கேட்ட நாள் அது.

நான் நெடுங்காலம் பிள்ளைகளுக்கு வீணை கற்பித்து ஓய்வுபெற்றவள். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்கக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு நாங்களும் புறப்பட்டோம். வீணை கையில் எடுக்கக்கூடிய பொருளன்று. அறை மூலையில் துணி போர்த்தி வைத்துவிட்டு வந்தேன். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது வீடே கூரையற்று நின்றது. வீணையைப்பற்றி யாரிடம் வினவுவது? புதிதாய் வாங்கிய வேறொரு வீணையோடு, மீளக் கட்டிய வீட்டில், மீண்டும் பாடஞ் சொல்லத் தொடங்கினேன். அந்நிலையில், வரும் நவராத்திரியில் ஒருமணி நேரம் தனியாக வாசிக்க வேண்டும் என்று இசையன்பர் சிலர் கேட்டனர். மாணவியர் பலரை மேடையேற்றியிருந்தேனாயினும், தனியொருத்தியாய் மேடையில் அமர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் இசைந்தேன். நாள்தோறும் கற்பிப்பவளுக்கு வாசிப்பதற்கென்ன தடை என்பதே என் எண்ணம்.

பழைய மாணவி ஒருத்தி, வீட்டிலேயே வாசித்து அதனைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து கேட்டுப்பாருங்கள், ரீச்சர் என்று பணிவோடு கூறினாள். எனக்கு அது சிறிது மனக்குறையாகவே இருந்தது. என் காதைவிடவா அக்கருவி நன்கு கேட்கும் என்று எண்ணினேன். எனினும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றி, பத்தடி தொலைவில் ஒரு முக்காலியின்மேல் கருவியை வைத்துவிட்டு, பைரவி இராகத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனை ஒன்றை எடுத்தேன். இடையில் தவறினாலும் நிறுத்துவதில்லை என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட விதி. மேடையில் யார் நிறுத்தவிடுவர்? பதிவாகிறது என்ற நினைப்பு ஒன்றே போதும், உள்ளங்கை வியர்த்தது. அவைக்கு முன் எழும் அச்சம் ஆளில்லாத கூடத்திலேயே எழுந்தது.

மறுநாட் காலையில் கேட்டேன். தொலைவில் கீரிமலைக் கடலின் ஓசை இடையறாத சுருதிபோல் கேட்டது. அதன்மேல் யாரோ ஒருத்தி அவசரமாக வீணை வாசித்துக்கொண்டிருந்தாள். பைரவியின் காந்தாரம் அசைந்து நிற்கவேண்டிய இடத்தில் பதறி நடுங்கிற்று. இழுத்து வரவேண்டிய சுரங்களையெல்லாம் தனித்தனியே மீட்டித் தட்டியிருந்தாள். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: தொடக்கத்து ஆவர்த்தனத்தை நோக்க, இறுதி ஆவர்த்தனம் ஆறிலொரு பங்கு குறுகியிருந்தது. எல்லாவற்றினும் மேலாக, ஓர் இடத்திலேனும் நாதம் தானே ஓய்ந்து அடங்க அவள் விடவில்லை. ஓயும் முன்னரே அடுத்த மீட்டு விழுந்தது. அவள் வேறு யாருமல்லள், நானே. மாணவியரிடம் நாற்பது ஆண்டுகளாக எவற்றையெல்லாம் கண்டித்தேனோ, அவையெல்லாம் என் விரல்களிலேயே குடியிருந்தன.

இசைவதாக அளித்த வாக்கினின்றும் விலகிவிடலாமா என்று அன்று முழுவதும் எண்ணினேன். இரவில், வேறெதையேனும் கேட்டால் மனம் தேறும் என்று பழைய இசைத்தட்டுகளின் ஒலியைத் தேடியபோது, வீணை தனம்மாளின் வாசிப்பு அகப்பட்டது. அப்பெருமாட்டியின் வரலாற்றை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றிரவுதான் அது என்னை நோக்கிச் சொல்லப்பட்ட வரலாறாகப் புலப்பட்டது. ஆதலின் அதனை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

மரபும் பயிற்சியும்

தனம்மாள் 1867ஆம் ஆண்டில் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். அவருடைய முன்னோர் தஞ்சை அரசவையில் இசைக்கும் நடனத்துக்கும் உரியோராய் விளங்கிய பெண்டிர். பாட்டியார் காமாட்சியம்மாள் தஞ்சையில் ஆடிப் புகழ்பெற்றவர். தாயார் சுந்தரம்மாள் சிறந்த பாடகியார். கலையையே குலச்செல்வமாகக் கொண்ட அம்மரபினரை நாடு ஒருகாலத்தில் போற்றிற்று. பின்னர் அதே நாடு அவர்களைப் பழித்து ஒதுக்கவும் முற்பட்டது. தனம்மாளின் வாழ்நாள் இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்டது. அவர் கலையைப் போற்றிக் கேட்டோருள் பலர், அவர் பிறந்த மரபைப்பற்றிப் பேச நாணினர் என்பதையும் நாம் மறைத்தலாகாது.

குழந்தைப் பருவத்திலேயே வீட்டாரிடம் இசை பயின்ற தனம்மாள், தங்கை ரூபாவதியோடு சேர்ந்து பாடினார்; உடன்பிறந்தார் நாராயணசாமி வயலின் வாசித்தார். வீணையோடு அவருடைய பெயர் பிரிக்கவியலாதபடி பிணைந்துவிட்டதாயினும், அவர் முதலிற் பாடகி என்பதை நாம் மறத்தல் கூடாது. பிற்காலத்தில் வீணை வாசிக்கையிலும் மெல்லிய குரலில் உடன்பாடுவது அவர் வழக்கம். பாட்டின் சொல் எங்கே பிரியும், எங்கே மூச்சு நிற்கும் என்பன அவர் விரலுக்குத் தெரிந்திருந்தமைக்கு இதுவே காரணம்.

அவருக்கு வாய்த்த ஆசிரியரை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது. முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர் சுத்தமத்தளம் தம்பியப்பர். அவருடைய மாணாக்கர் சாத்தனூர் பஞ்சநத ஐயர். அவரிடம் தீட்சிதர் கீர்த்தனைகளைத் தனம்மாள் பாடங் கேட்டார். ஆகவே தீட்சிதருக்கும் அவருக்கும் இடையில் இருவரே நின்றனர். வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசர் என்பார் கண்பார்வையற்றவர். க்ஷேத்ரக்ஞரின் பதங்களில் கரைகண்டவர். பதங்களை அவரிடமிருந்து பெற்றார். வீணை குப்பையரின் மைந்தர் முத்தியாலுப்பேட்டை தியாகையரிடமும் பாடங் கேட்டார். ஜாவளிகள் இயற்றிய தர்மபுரி சுப்பராயர் அவருடைய இசையில் ஈடுபட்ட அன்பர். பரசு இராகத்தில் அமைந்த அவருடைய புகழ்பெற்ற ஜாவளியொன்று தனம்மாளை நினைந்தே இயற்றப்பட்டது என்று இசையுலகிற் கூறுவர்.

இங்ஙனம் பெற்ற பாடங்களுள் எதுவும் ஏட்டில் எழுதி வைத்துக் காப்பாற்றப்பட்டதன்று. சுரக்குறிப்பு ஒரு கீர்த்தனையின் எலும்புகளையே காட்டும். கமகம் என்னும் உயிரைக் காதினாலன்றிப் பெற வழியில்லை. ஆசிரியர் பாடுவார்; மாணவர் திருப்பிப் பாடுவார்; பிழையெனில் ஆசிரியர் மீண்டும் பாடுவார். அக்காலத்தில் ஒருவருடைய பிழையை அவருக்குக் காட்டிய கண்ணாடி ஆசிரியரின் செவியே. பார்வையற்ற ஆசிரியர் ஒருவரிடம் பதம் பயின்றவருக்கு அக்கண்ணாடி எத்துணைத் துல்லியமாய் வாய்த்திருக்கும்!

வெள்ளிக்கிழமைகள்

ஜார்ஜ் டவுனில் இராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்தது தனம்மாளின் வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே அவர் வீணை வாசிப்பார். பெருங் கூட்டம் கூடுவதில்லை. வித்துவான்களும் இசைநுட்பம் அறிந்த அன்பர்களும் வந்து தரையில் அமர்வர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. இருந்தாலும் அவர் அதனை நாடியிருப்பாரோ என்பது ஐயமே. அவர் வாசிப்பு அத்துணை மென்மையானது. இருமுவதற்கும் அஞ்சிக் கேட்போர் அசையாது இருந்தனர். பேச்சொலி எழுந்தால் வாசிப்பு நின்றுவிடும் என்பது அனைவருக்கும் தெரியும். நாதம் அவர்களைத் தேடி வரவில்லை. அவர்கள் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு அதனைத் தேடிச் சென்றனர்.

வீணையை அறியாத வாசகர்க்கு ஒருசிறிது விளக்குதல் நலம். பலாமரத்துக் குடமும் தண்டியும், தண்டியின்மேல் மெழுகில் பதித்த இருபத்துநான்கு மெட்டுக்களும் உடையது வீணை. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என நான்கு தந்திகள் வாசிப்பதற்கும், பக்கத்தில் மூன்று தந்திகள் தாளத்துக்கும் உரியன. வலக்கை விரலால் ஒருமுறை மீட்டினால் நாதம் எழுந்து மெல்ல மெல்லத் தேயும். அது தேய்ந்து மறைவதற்குள் இடக்கை விரல் அதே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மேலுள்ள சுரங்களை அதனின்றும் எடுக்கலாம். ஒரு மீட்டில் எத்தனை சுரங்களைப் பாடவைக்கலாம் என்பதில் இருக்கிறது வீணையின் அருமை. அடுத்தடுத்து மீட்டினால் ஒலி பெருகும், பாட்டு அறுபடும்.

தனம்மாள் விரலுக்கு உலோக உறை இடுவதில்லை. நகத்தாலும் விரல் நுனியாலுமே மீட்டினார். மீட்டுக்கள் மிகச் சில. விளம்ப காலத்தில் நின்று, ஒரு மீட்டின் நாதம் ஒடுங்கும் கடைசி நுனிவரை அதனைப் பாடவைத்தார். பெரும்பாலும் மிருதங்கத் துணையின்றியே வாசித்தார். தாளம் வெளியே ஒலிக்கவேண்டியிருக்கவில்லை. இராக விரிவும் நீண்டதன்று. ஒரு மணி நேரம் பிறர் விரிப்பதைச் சில நிமிடங்களில் சுருங்கக் காட்டி நிறுத்திவிடுவார். கேட்டவர்க்கு ஒன்றும் விடுபட்டதாகத் தோன்றாது.

இவ்வாறு சுருங்கச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவை தன்னை மறந்துவிடுமோ என்று அஞ்சுபவரே இடைவெளியை ஒலியால் நிரப்புவர். என் பதிவில் நான் கேட்ட அவசரத்தின் பெயர் அச்சம் என்பதைத் தனம்மாளை எண்ணியபோதே உணர்ந்தேன்.

வறுமையும் இருளும்

அவருடைய புகழுக்கு ஏற்பச் செல்வம் நிலைக்கவில்லை. கொடுக்கும் கையும் குடும்பப் பொறுப்பும் உடையவர். இராசலட்சுமி, இலட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என மகளிர் நால்வர், பின்னர்ப் பேரக்குழந்தைகள். மேடைக் கச்சேரிகளும் சபாக்களும் பெருகிய காலத்தில் இரைச்சலுக்கு இசைய மறுத்த வீணை பொருளீட்டுவது எங்ஙனம்? முதுமையிற் பணமுடை அவரைச் சூழ்ந்தது. கண்பார்வையும் மங்கி மறைந்தது. பார்வையற்ற ஆசிரியரிடம் பதங்களைக் கற்றவர், தாமும் பார்வையிழந்த நிலையில் பேரப்பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக் கொடுத்தார் என்பதை நினைக்கையில் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அந்நிலையிலும் வீணை நிற்கவில்லை. மெட்டைக் கண் நோக்கவேண்டிய தேவை அவர் விரலுக்கு என்றோ தீர்ந்துபோயிருந்தது.

மூன்று நிமிடங்கள்

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிவுசெய்யும் கருவியைக் கண்டார். அடுத்த பத்தாண்டில் பெர்லினர் வட்டத்தட்டில் ஒலியைப் பதிக்கும் முறையை அமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்னாட்டுப் பாடகர் பலர் இசைத்தட்டில் இடம்பெற்றனர். ஆனால் அன்றைய முறையில் ஒரு கொம்புக்குழலின் வாயை நோக்கி உரத்துப் பாடவேண்டும். குழல் திரட்டிய ஒலியின் விசையே மெழுகிற் கோடு கீறும். மென்மையான வீணைக்கு அது ஏற்றதன்று. 1925ஆம் ஆண்டளவில் ஒலிவாங்கியைக் கொண்டு மின்வழியே பதிவுசெய்யும் முறை வந்தபின்னரே மெல்லிய நாதங்களும் தட்டில் ஏறத் தொடங்கின.

1930களின் முற்பகுதியில் கொலம்பியா நிறுவனத்தார் தனம்மாளின் வீணையைப் பதிவுசெய்தனர். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களுக்கே இடமுண்டு. பிழைத்தால் ஒட்டித் திருத்த வழியில்லை. தொடங்கியதை நிறுத்தாமல் முடித்தல் வேண்டும். இக்கட்டுப்பாடுகள் பிற வித்துவான்களை அவசரப்படுத்தின. மூன்று நிமிடத்துக்குள் எல்லாத் திறமையையும் கொட்டிவிட முயன்று மூச்சிரைத்தோர் உண்டு. தனம்மாளின் தட்டில் அந்தப் பரபரப்பில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் தம் வீட்டுக் கூடத்தில் இருப்பவர்போலவே அவர் வாசிக்கிறார். ஊசி உராயும் ஓசைக்கு அடியில், தொலைவிலிருந்து வருவதுபோல் அந்நாதம் கேட்கிறது. ஒரு மீட்டு, அதன்பின் நீண்ட இழைப்பு, நாதம் ஓய்கிறது, அந்த ஓய்விலும் இராகம் நிற்கிறது.

அப்பதிவுகள் மிகச் சிலவே. இராமகிருஷ்ண செட்டித் தெருவில் எண்ணற்ற வெள்ளிக்கிழமைகளில் ஒலித்தது காற்றோடு போயிற்று. எஞ்சிய சில நிமிடங்களைக்கொண்டே அம்முழுமையை நாம் ஊகித்தறிகிறோம். 1938ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தனம்மாள் மறைந்தார்.

வழித்தோன்றல்கள்

ஆனால் தட்டில் அடங்காதது உயிருள்ள செவிகளில் தங்கிற்று. காமாட்சியம்மாளின் மகளிர் பிருந்தாவும் முக்தாவும் அப்பதங்களையும் ஜாவளிகளையும் பாடிக் காத்தனர். ஜயம்மாளின் மகள் பாலசரசுவதி பரதத்தில் தனக்கு நிகரின்றி விளங்கினார். அவருடைய உடன்பிறந்தார் விசுவநாதன் புல்லாங்குழலையும், இரங்கநாதன் மிருதங்கத்தையும் அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகம்வரை கொண்டுசென்று கற்பித்தனர். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பாலசரசுவதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் வழங்கப்பெற்றது. 2010ஆம் ஆண்டில் இந்திய அஞ்சற்றுறை தனம்மாளின் உருவத்தைத் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது. வாழ்நாளில் பணமுடையால் வருந்தியவருக்கு நாடு காலந்தாழ்ந்து செலுத்திய காணிக்கை அது.

மீண்டும் கேணிக்கரையில்

தனம்மாளின் தட்டைக் கேட்ட அன்றிரவு விலகும் எண்ணத்தைக் கைவிட்டேன். அவரைப்போல் வாசிக்கலாம் என்ற பேராசையால் அன்று. அவரைப்போல் கேட்கவேனும் பழகலாம் என்ற அவாவினால். அவருக்குத் தம் விரல் வாசிக்கும்போதே அதனை அயலார்போல் இருந்து கேட்கும் செவி இருந்தது. எனக்கு அச்செவி இல்லை. வாசிக்கும்போது நான் கேட்பதெல்லாம் என் மனத்திலுள்ள பைரவியையே. விரலிலிருந்து வெளிவரும் பைரவியைக் கேட்க, எனக்கு மறுநாளும் ஒரு கருவியும் தேவைப்பட்டன.

அதன்பின் வெள்ளிதோறும் மாலையில் பதிவுசெய்தேன். ஒரு மாலைக்கு ஒருமுறைதான். பலமுறை பதிவுசெய்து நல்லதைப் பொறுக்கிக்கொள்ளும் வசதி மேடையில் இல்லையாதலால் வீட்டிலும் அதனை நாடவில்லை. உடனே கேட்பதையும் தவிர்த்தேன். வாசித்த களைப்பும் தன்மேற் கழிவிரக்கமும் தணிந்தபின் மறுநாட் காலையில் குறிப்பேட்டோடு அமர்ந்தேன். முதன்முறை சுருதியை மட்டும் கேட்பது. இரண்டாம் முறை காலப்பிரமாணம். மூன்றாம் முறை மீட்டுக்களை எண்ணுவது. எல்லாவற்றையும் ஒருங்கே கேட்டால் மனம் சோர்வதன்றிப் பயனில்லை. ஒரு கிழமையில் ஒரு குறையையே திருத்த முயன்றேன். காந்தாரத்துக்கு மட்டும் மூன்று கிழமைகள் சென்றன.

பல்லவி ஒன்றுக்கே நாற்பதுக்கு மேல் இருந்த மீட்டுக்கள் மெல்லக் குறைந்தன. குறையக் குறைய, முன்னம் நான் அறியாத ஒன்று பதிவிற் கேட்டது. மீட்டுக்கு மீட்டு இடையில் நாதம் ஒடுங்குமிடத்தில் கீரிமலைக் கடல் ஒலித்தது. முதற்பதிவில் என் அவசரத்துக்குப் பின்னே மறைந்திருந்த அலையோசை, இப்போது வீணையோடு முறைவைத்து எழுந்தது. கூரையற்ற வீட்டுக்குத் திரும்பி வந்த நாள்முதல் அக்கடலை நான் கேட்டிருந்தேனா என்பதே எனக்கு ஐயமாயிற்று.

நவராத்திரி நாளும் வந்தது. வாசித்தேன். குறையின்றி வாசித்தேன் என்று கூறத் துணியேன். அனுபல்லவியில் ஓரிடத்தில் விரல் வழுவிற்று. ஆயினும் வழுவிய பின்னரும் காலம் ஓடவில்லை. பைரவியின் காந்தாரத்தில் நின்று, மீட்டாமல், நாதம் தானே ஓயும்வரை காத்திருந்தேன். அவையில் ஒருவரும் அசையவில்லை. அந்தச் சிறு அமைதியின் நேரம் நான்கு எண்ணிக்கைக்கு மேல் இராது. இராமகிருஷ்ண செட்டித் தெருவுக்கு வெகுதொலைவில், அந்த வெள்ளிக்கிழமைகளின் ஒரு துளி எனக்கும் கிடைத்ததாக எண்ணி மகிழ்ந்தேன்.

அன்று மாணவி அந்நிகழ்ச்சியையும் பதிவுசெய்திருந்தாள். அதனை நான் இன்னும் கேட்கவில்லை. மறுநாட் காலை கழிந்து பல காலைகள் சென்றுவிட்டன. ஆயினும் என்றேனும் ஒருநாள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அமரத்தான் வேண்டும். கண்ணாடியைப் பார்க்க அஞ்சியிருந்தால் அந்த அரசகுமாரி கேணியைத் தேடி வந்திருக்கமாட்டாள்.